வலி மாத்திரை போட்டு வாங்கிய மெடல்

1. இந்த சீசனுக்கு ஓடிய ஷூவை நேற்று கழுவிக் காய வைத்துவிட்டேன். ஆகஸ்ட்டில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. ஐந்து பந்தயத்துக்குப் பணம் கட்டினேன். நாலு ஓடினேன். நாலு மெடல். வழக்கமா இந்த நேரத்துல எல்லாரும் மெடலை வரிசையா அடுக்கி ஒரு போட்டோ போடுவோம். நானும் எடுத்தேன். ஆனா போடலை. அந்த நாலில் ஒரு மெடலைப் பற்றி முதலில் ஒரு உண்மையைச் சொல்லணும். கொஞ்சம் நீளமான இழை. ஓடுபவர்கள் மட்டுமில்லாமல், வீட்டில் ஓடுகிறவர் இருப்பவர்களும் படியுங்கள்.

2. நான் பெரிய ஓட்டக்காரன் எல்லாம் இல்லை. வயது 44. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றபோது, நோயாளிகளுக்குச் சொல்கிற அறிவுரையை நாமளும் கேட்போமே என்று 39 வயதில் ஓட ஆரம்பித்தவன். கூட்டத்தின் நடுவில் வருவேன். மெடல் கொடுக்கிறவர்கள் இன்னும் கிளம்பாமல் இருக்கும்போது வந்து சேர்ந்தால் எனக்கு அது நல்ல நாள்.

3. ஆகஸ்ட்டில் ஹைதராபாத், 21 கிலோமீட்டர். ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும். 2 மணி 18 நிமிடம். செப்டம்பரில் மகாராஷ்டிராவின் சதாரா. பாதி தூரம் மலைச்சாலையில் ஏற்றம், மீதி பாதி அதே வழியில் இறக்கம். ஏறும்போது நடப்பதில் வெட்கமே இல்லை என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். இறங்கும்போது தொடை கதறும் என்பதையும். டிசம்பரில் கோயம்புத்தூர். குளிர்ந்த காலை, ஓரளவு சமமான ரோடு, கால் தானாகப் பறந்தது. 2 மணி 6 நிமிடம். என் வாழ்நாள் சிறந்த நேரம்.

4. இங்கேதான் தப்பு ஆரம்பிச்சது. அந்த 2:06 தலைக்கு ஏறிவிட்டது. ஜனவரி முதல் வாரம் சென்னையில் ஃபுல் மாரத்தான், 42.195 கிலோமீட்டர். நடுவில் மூன்றே வாரம். வேகமாக ஓடிய உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வாரத்தில், 'தைரியத்துக்காக' ஒரு 32 கிலோமீட்டர் ஓடினேன். 25-ஆவது கிலோமீட்டரில் வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போல ஒரு வலி. அளவுக்கு மேல் ஓடிய எல்லாருக்கும் பழக்கமான வலிதான். என் நோயாளி வந்து சொல்லியிருந்தால், 'மூணு வாரம் ஓடாதீங்க, பந்தயம் அடுத்த வருஷமும் வரும்' என்றிருப்பேன். எனக்கு நான் அதைச் சொல்லவில்லை.

5. பந்தய நாள், அதிகாலை மூன்றரை மணி. இடுப்புப் பையில் ஒரு பட்டை டைக்ளோஃபெனாக். ஒன்றைப் போட்டேன். பக்கத்தில் எங்கள் குழுவின் அண்ணன் ஒருவர், 56 வயது. பார்த்துவிட்டார். "டாக்டர், எனக்கும் முதுகு ஒரு மாதிரியா இருக்கு. இருந்தா ஒண்ணு குடுங்களேன்." கொடுத்தேன். "பாதியில வலிச்சா போட்டுக்கங்க" என்று இன்னொன்றும் கிழித்துக் கொடுத்தேன். அவரிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கிளினிக்கில் அதே மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தால் கேட்காமல் எழுதியிருக்கவே மாட்டேன்: "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

6. ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜனவரிதான், ஆனால் கடலோர ஈரப்பதம். பத்தாவது கிலோமீட்டரிலேயே பனியன் பிழிகிற ஈரம். 28-இல் இரண்டாவது மாத்திரை. 34-இல் வாந்தி. மீதித் தூரம் பாதி நடை, பாதி ஓட்டம். 4 மணி 52 நிமிடம். மெடல், போட்டோ, இட்லி. அன்று மாலை 'வலியைத் தாண்டி ஓடினேன்' என்று பதிவு போட்டேன். லைக் குவிந்தது. என் எந்த மருத்துவப் பதிவுக்கும் அவ்வளவு வந்ததில்லை.

7. மறுநாள் இரவு அண்ணனின் மகள் போன் செய்தார். "அங்கிள், அப்பாவுக்கு வாந்தி நிக்கவே மாட்டேங்குது. காலையிலிருந்து யூரின் ரொம்பக் கம்மியா, கோலா கலர்ல போகுதுன்னு சொல்றாரு." உடனே அட்மிட் பண்ணச் சொன்னேன். கிரியேட்டினின் 2.6. அப்போதுதான் தெரிந்தது: ரத்த அழுத்தத்துக்கு அவர் தினமும் எடுப்பது டெல்மிசார்ட்டனும், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அதன் மேல் நான் கொடுத்த இரண்டு டைக்ளோஃபெனாக். அதன் மேல் 42 கிலோமீட்டர்.

8. இந்தக் கூட்டணி ஏன் ஆபத்து? கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இதயம் பம்ப் பண்ணும் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்குப் போகிறது. ஓடும்போது தசையும் தோலும் அந்த ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். வியர்வையில் நீரும் குறையும். கிட்னி இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. வரும் குழாயை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் திறந்து வைத்திருக்கும். வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் இறுக்கிப் பிடிக்கும். இப்படித்தான் உள்ளே அழுத்தம் நின்று வடிகட்டல் நடக்கும்.

9. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. வலி குறைவதும் அதனால்தான், வரும் குழாய் சுருங்குவதும் அதனால்தான். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலப்ரில், ராமிப்ரில் போன்றவை வெளியேறும் குழாயின் பிடியைத் தளர்த்துகின்றன. நீரை வெளியேற்றும் மாத்திரை இருக்கிற நீரையும் குறைக்கிறது. மேல்குழாயை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து, தொட்டித் தண்ணியையும் இறைத்துவிட்டால் என்ன ஆகும்? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல மருந்துகள். மூன்றும் சேர்ந்தால், அதுவும் ஒரு மாரத்தான் நாளில், கிட்னி நின்றுபோகலாம். மருத்துவக் கல்லூரியில் எல்லாரும் படித்த பாடம். நானும் படித்ததுதான்.

10. அண்ணன் பிழைத்துக்கொண்டார். சலைன், ஓய்வு, அவருடைய மருத்துவர் சில நாள் நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரை. டயாலிசிஸ் வரை போகவில்லை. இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தேன். எப்போதும் 0.9 இருப்பது அன்று 1.6. எனக்கு மூன்று நாளில் இறங்கியது.

11. நேர்மையாக ஒன்று சொல்லணும். மாத்திரையே போடாமல் ஓடினாலும் கிட்னிக்குத் தற்காலிக அடி விழும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மாரத்தானில் 2015-இல் 22 பேரை மட்டும் வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். 82 சதவீதம் பேருக்கு ஓட்டம் முடிந்ததும் லேசான கிட்னி பாதிப்பின் அடையாளம் இருந்தது, பெரும்பாலும் இரண்டு நாளில் சரியானது. ஆக, மாரத்தான் அன்று கிட்னி ஏற்கெனவே ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்தக் காலையும் தட்டிவிடுவதுதான் நான் செய்த வேலை.

12. ஜெர்மனியில் 2010 பான் மாரத்தானில் ஓடிய சுமார் 4000 பேரிடம் கேட்ட ஆய்வும் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதிப் பேர் ஓடும் முன்பே வலி மாத்திரை போட்டிருந்தார்கள். போடாதவர்களில் 4 சதவீதம் பேருக்கு வயிறு, இதயம், சிறுநீர் சார்ந்த தொல்லைகள். போட்டவர்களில் 16 சதவீதம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பது பேரும் மாத்திரை போட்டவர்கள். அதில் மூன்று பேருக்கு ஐபுபுரூஃபனுக்குப் பிறகு தற்காலிகக் கிட்னி செயலிழப்பு. ஆக, பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பியது நான் ஒருத்தன் மட்டும் இல்லை.

13. "அப்ப பாராசிட்டமால் போடலாமா டாக்டர்?" கேட்பீங்கன்னு தெரியும். கிட்னிக்கு அது இந்த அளவு தொல்லை தராது. ஆனால் கேள்வியே தப்பு. வலி என்பது வீட்டு வாசலில் குரைக்கும் நாய். நாயை மயக்கிவிட்டால் திருடன் போய்விட மாட்டான். நடையையே மாற்றும் அளவு வலி இருந்தால், அந்தக் கால் அன்றைக்கு 42 கிலோமீட்டருக்குத் தயாராக இல்லை. அவ்வளவுதான். காய்ச்சலோடு ஓட பாராசிட்டமால் போடுவது அதைவிட மோசம். கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்கும் நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். சாதாரண மூக்கொழுகல் வேறு. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இருமல் இருந்தால் ஓட்டம் கிடையாது.

14. "நிறையத் தண்ணி குடிச்சா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" இதுவும் அரைகுறை. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அந்த வருடம் அதே பந்தயத்தில் ஒரு பெண் இதனாலேயே இறந்தார். வலி மாத்திரை இந்த ஆபத்தையும் கூட்டலாம். தாகத்துக்குக் குடியுங்கள். ஓடி முடித்தபின் உடல் எடை கூடியிருந்தால் அது பெருமை இல்லை, எச்சரிக்கை.

15. இதையெல்லாம் படித்துவிட்டு 'ஓட்டமே வேண்டாம்' என்று முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நீண்ட தூரப் பந்தயங்களில் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. மிகமிகக் குறைவு. என் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது ஓட்டத்தால்தான். நான் குறை சொல்வது ஓட்டத்தை இல்லை. எதை ஓட்டத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறோம் என்பதை.

16. யோசித்துப் பாருங்கள். முட்டி வீங்கி நொண்டிக்கொண்டே முடித்தவருக்கு 'வேற லெவல் ப்ரோ' என்கிறோம். 30-ஆவது கிலோமீட்டரில் உடம்பு சொன்னதைக் கேட்டு வெளியே வந்தவருக்கு 'பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்று துக்க வீட்டில் பேசுவது போலப் பேசுகிறோம். அன்றைக்குச் சரியான முடிவு எடுத்தவர் இரண்டாமவர்தான். டாக்டரான என்னையே அந்தக் கைதட்டல் ஆசை ஏமாற்றியது என்றால், கிட்னியைப் பற்றிப் படிக்காத ஒருவரை எவ்வளவு சுலபமாக ஏமாற்றும்?

17. மார்ச்சில் ஐந்தாவது பந்தயம். மூன்று நாள் முன்பு காய்ச்சல். எண் அட்டை வாங்கியாச்சு, டீ-ஷர்ட் வாங்கியாச்சு. குழுவில் ஒருவர், "காய்ச்சல் விட்டுடும், ஒரு மாத்திரை போட்டுட்டு வாங்க டாக்டர்" என்றார். போகவில்லை. அன்று காலை பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த சீசனில் நான் ஒழுங்காக ஓடிய பந்தயம், ஓடாத அந்த ஒன்றுதான்.

18. சுருக்கமாக, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்:

ஓடும் முன்பும், ஓடும்போதும், முடித்து நன்றாகச் சிறுநீர் போகும் வரையும் வலி மாத்திரை வேண்டாம்.

பிரஷர், சர்க்கரை, இதய நோய் இருந்தால், எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதோடு 'மாரத்தான் ஓடப் போகிறேன்' என்றும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், நடையை மாற்றும் வலி: எது வந்தாலும் அங்கேயே நில்லுங்கள்.

முடித்தபின் ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராவிட்டாலோ, கோலா நிறத்தில் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குழப்பம் வந்தாலோ, வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்தில் ஓடுகிறவர் மாத்திரை கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் டாக்டராகவே இருந்தாலும். டாக்டராக இருந்தால் நிச்சயமாக.

19. இதை எழுத அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க. ஆனா உங்க மேல பழி போட்டுக்காதீங்க டாக்டர், நீங்க நல்லதுக்குத்தானே குடுத்தீங்க" என்றார். இத்தனை மாதத்தில் அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. டாக்டர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, கை நீட்டி வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

20. இப்போது அவர் தன் மருத்துவர் சம்மதத்தோடு மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன், அவர் வேகத்தில். மெடல் போட்டோவைப் போடுகிறேன். அதில் மூன்றுதான் இருக்கும். நாலாவதை எண்ணிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.