புள்ளி வைத்த கோப்பும் நாற்பது வரிக் கணக்கும்

யூனிக்ஸ் கட்டளை வரியைத் தன் வசதிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும் சுகம் ஒருமுறை பிடித்துவிட்டால் விடாது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். யாரோ எங்கேயோ எழுதிவைத்த ஐந்நூறு வரிக் கோப்பை அப்படியே எடுத்துத் தன் கணினியில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது மாதிரிதான் அது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாது. என் கட்சி வேறு. நாற்பது வரிக்கு மேல் போகக்கூடாது, அந்த நாற்பதும் வீட்டில் இன்னொருவர் படித்தால் புரியவேண்டும். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

1990களில் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குக் கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய டெர்மினல்கள் நினைவிருக்கும். கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின் ஏ.சி.யில் குளிர்காயும். வெளியே கவுண்டரில் நாங்கள் மின்விசிறிக்குக் கீழே டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்போம். உள்ளே நுழைந்ததும் மெனு வரும், எண்ணை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். நமக்கென்று ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அப்படிப் பல வருஷம் இருந்தவன் ஓய்வுபெற்ற பிறகு சொந்தமாக லினக்ஸ் போட்டால் கை சும்மா இருக்குமா?

இந்த அமைப்புகளெல்லாம் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புகளில் ஒளிந்திருக்கின்றன. புள்ளி வைத்தால் ஏன் மறைகிறது என்பதற்கு ராப் பைக் 2012-ல் ஒரு விளக்கம் எழுதினார். ஆதி யூனிக்ஸில் ஒவ்வொரு அடைவிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். பட்டியல் போடும்போது அவை தெரியவேண்டாம் என்று நினைத்து, முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப்போ என்று சுருக்கமாக எழுதிவிட்டார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தில் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்பும் மறைந்துபோயிற்று. அதையே வசதி என்று பிற்பாடு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் பல சம்பிரதாயங்கள் வந்த கதையும் இதுதான் என்பது என் சந்தேகம். அது வேறு பேச்சு.

என்னிடம் நாலு இடம் இருக்கிறது. கீரப்பாளையம் வீட்டில் ஒரு பழைய லேப்டாப். அலமாரியில் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை, கணக்கெல்லாம் அதில்தான். கைபேசியில் டெர்மக்ஸ். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனால் அவளுடைய மேக். நாலுக்கும் ஒரே கோப்பு. அது கிட் மூலமாக ராஸ்பெர்ரி பையில் இருக்கிறது, மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஒரே கோப்பு என்று சொல்வது சுலபம். மேக்கில் பாஷ் இன்னும் 3.2-லேயே நிற்கிறது. 2009-ல் வந்த நான்காம் பதிப்பின் உரிமம் ஆப்பிளுக்கு ஒத்துவரவில்லை. 2019-ல் கேட்டலினா வந்தபோது இசட்-ஷெல்லையே முன்னிருப்பாக்கிவிட்டார்கள். நாளைய தேதி கேட்கும் விதம் லினக்ஸில் ஒன்று, மேக்கில் இன்னொன்று. பட்டியலுக்கு வண்ணம் கொடுப்பதும் அப்படியே. அதனால் கோப்பின் தொடக்கத்திலேயே யூநேம் கட்டளையால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, டார்வின் என்று பதில் வந்தால் மேக்குக்கான மூன்று வரி, இல்லையென்றால் மற்றவை. ஐந்நூறு வரிக் கோப்பு வைத்திருப்பவர் இதை எங்கே போய்த் தேடுவார்?

நான் கடுமையாக எதிர்ப்பது ஒன்று உண்டு. அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கு, "நிஜமாக அழிக்கட்டுமா" என்று கேட்கும்படி மாற்றுப்பெயர் வைப்பது. ரெட் ஹாட்டில் ரூட் பயனருக்கு அவர்களே அப்படி வைத்துக் கொடுத்திருந்தார்கள். கேட்கும், கேட்டபின் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கை பழகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் இப்படிப் பழகிய கையோடு வேறொரு மெஷினில் உட்கார்ந்தார். அது கேட்கவில்லை. மகன் கல்யாணப் படங்கள் ஒரு நொடியில் போயின. மாற்றுப்பெயர் வேண்டுமென்றால் வேறு பெயராக வையுங்கள். அது இல்லாத இடத்தில் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று சொல்லி நின்றுவிடும், சேதமில்லை.

கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது. தட்டிய கட்டளைகளின் வரலாற்றிலும் அது தங்கக்கூடாது. முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தட்டினால் வரலாற்றில் பதியாதபடி பாஷில் ஒரு அமைப்பு இருக்கிறது. என் நாற்பதில் அதற்கு ஒரு வரி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு அது போதும். நம்முடைய 'ர'வும் 'ஔ'வும் ஒரே கட்டத்தில் எப்படி அடங்கும்? எங்கள் ஊர்ப் பெயரையே டபிள்யூசி கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். கீரப்பாளையம் என்பதில் 36 பைட், 12 குறியீடு என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணினால் ஏழு எழுத்து. இப்படி எண்ணுகிற கருவியிடம் பத்திகளை வரிசையாக அடுக்கச் சொன்னால் கோணல்மாணலாகத்தான் வரும். எழுத்துருவை மாற்றிப் பார்த்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். தேதியையும் தொகையையும் முதலில் எழுதுங்கள், தமிழ் விவரத்தைக் கடைசியில் வையுங்கள். எண்கள் நேராக நிற்கும், தமிழ் தன் போக்கில் வலப்பக்கம் ஓடட்டும்.

நாற்பது என்ற எண்ணுக்கு வருகிறேன். ஏ4 தாளில் நாற்பது வரி ஒரு பக்கத்தில் அடங்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த மாவட்டம் இது. மின்சாரம் போனால் எத்தனை நாளுக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஆகவே அச்சிட்ட ஒரு பிரதி பட்டா, பாஸ்புக் இருக்கும் பையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியம், குத்தகை வரவு, மருத்துவக் காப்பீடு, யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் ராஸ்பெர்ரி பையில் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. நான் மட்டும் அறிந்த இரண்டெழுத்துச் சுருக்கங்களால் அவற்றைத் திறந்துகொண்டிருந்தால், எனக்கு ஒன்று ஆகிவிட்ட மறுநாள் அந்தப் பெட்டியும் செங்கல்லும் ஒன்று. நம் கைக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும்படி ஒன்றைச் செதுக்கச் செதுக்க, அது மற்றவர் கைக்கு உதவாமல் போகிறது. வீட்டுக் கணக்கு விஷயத்தில் அது சாமர்த்தியமில்லை, அநியாயம்.

நல்லவேளையாக பாஷ் தமிழ்ப் பெயரையும் மாற்றுப்பெயராக ஏற்கிறது. கணக்கு என்று தட்டினால் இந்த மாதக் கணக்கு, குத்தகை என்றால் குத்தகை, மருந்து என்றால் வேளைவாரியாக மாத்திரைப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு குறிப்பு (குறிப்புகளை நாற்பதில் சேர்த்துத்தான் எண்ணுகிறேன், ஏமாற்று வேலை இல்லை). என் மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கோப்பைப் பார்த்துவிட்டு முதலில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். பிறகு கைபேசியில் தானே குத்தகை என்று தட்டி, சம்பாவுக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று என்னிடமே கேட்டாள்.

இப்போது கோப்பில் 38 வரி. மீதி இரண்டில் ஒரு வரியும் அதற்கான குறிப்பும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். காஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று பார்க்க வேண்டுமாம்.