கதையை எந்த வரிசையில் வைப்பது?



இத்திங்கள் வந்த மடல்களுள் ஒன்று சற்று விரிவாகவே விடையிறுக்கத் தக்கது. வடபுலத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் ஓர் அன்னையார் எழுதியிருக்கிறார். கல்லூரியில் பயிலும் அவர் மகள், பிறர் படைத்த நாவல்களின் மாந்தரை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கதை புனையும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாளாம். அக்குழு ஆண்டுதோறும் தன் உறுப்பினர் கதைகளுக்குப் பரிசளிக்கிறது. வந்த கதைகளை வகைப்படுத்தும் பொறுப்பு இவ்வாண்டு இப்பெண்ணிடம் வந்திருக்கிறது. “இரவெல்லாம் விழித்துப் பட்டியல் எழுதுகிறாள். கேட்டால், ‘அம்மா, இந்தக் கதையைத் துயரத்தில் சேர்ப்பதா, காதலில் சேர்ப்பதா என்று விளங்கவில்லை’ என்கிறாள். இதுவும் ஒரு வேலையா?” என்பது அன்னையாரின் வினா.

வேலைதான், அம்மையீர்! அதிலும் பொறுப்பு மிக்க வேலை.

‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்று இளைஞர் வழங்குவதை நாம் இரசிகர் புனைகதை எனலாம். ஒரு நூலையோ திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ பெரிதும் விரும்பிய ஒருவர், அது முடிந்த இடத்தில் மனம் நிறையாமல், அதன் மாந்தரை வைத்துத் தாமே மேற்கொண்டு எழுதுவது அது. நம்மவர் அறியாத செயலன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பின்னும் அம்மாந்தரை விட்டுப் பிரிய மனமில்லாத வாசகர் பலர். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அக்கதையின் தொடர்ச்சியாகவே எழுந்தது. அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் இரசிகர்கள் 1967-ஆம் ஆண்டிலேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் இதழைத் தாமே அச்சிட்டுத் தமக்குள் வழங்கிக்கொண்டனர். இன்றோ, 2009-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் இணையக் காப்பகம் ஒன்றில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட படைப்புகள் குவிந்து கிடக்கின்றன.

இக்கதைகளுக்கு விலையில்லை, எழுதியவருக்கு ஊதியமும் இல்லை. முகமறியாத ஒருவர் ‘படித்தேன், மகிழ்ந்தேன்’ என்று எழுதும் ஒரு வரியே கூலி. ஆகவே பரிசுப் பட்டியலில் ஒரு கதை எந்தத் தலைப்பின் கீழ் வைக்கப்படுகிறது என்பது, அது வெல்லுமா என்பதை மட்டுமன்று, அது படிக்கப்படுமா என்பதையே முடிவு செய்துவிடுகிறது. நூறு காதற் கதைகளின் நடுவே, இரு கிழவர்களின் நட்பைச் சொல்லும் ஒரு சிறு கதை கிடந்தால் அதை யார் தேடி எடுப்பார்?

வகுப்பதற்கு மிக எளிய வழி அளவு. நம் முன்னோர் கண்ட வழியும் அதுவே. நான்கடி முதல் எட்டடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. 1953-ஆம் ஆண்டு முதல் அறிவியற் புனைகதைக்கு இரசிகர்களே வாக்களித்து வழங்கும் ஹ்யூகோ விருதிலும் கதைகளைப் பிரிப்பது இவ்வழியால்தான். 7,500 சொல்லுக்கு உட்பட்டது சிறுகதை. அதற்கு மேல் 17,500 வரை ஒரு வகை. பின் 40,000 வரை இன்னொரு வகை. அதையும் கடந்தால் நாவல். எண்ணிப் பார்த்தால் வழக்குத் தீர்ந்தது. ஆனால் அளவு ஒன்றால் மட்டும் வகுத்தால், நகைச்சுவைக் கதையும் சாவைப் பற்றிய கதையும் ஒரே தராசில் ஏறும். நகைச்சுவை பெரும்பாலும் தோற்கும். சிரிக்க வைத்தவனைவிட அழவைத்தவனுக்கே பரிசு தரும் பழக்கம் நடுவர்களிடம் உண்டன்றோ?

எனவே பொருளாலும் வகுக்க வேண்டியதாகிறது. இடர்ப்பாடு தொடங்குவதும் இங்கேதான். அகநானூற்றைத் தொகுத்தவர் இதற்கு ஓர் அழகிய ஒழுங்கு செய்தார். ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் அனைத்தும் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருவன நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். இதை ஒரு பரிசுத் திட்டமாக எண்ணிப் பாருங்கள். பாலையில் 200 பாடல், குறிஞ்சியில் 80, மற்ற மூன்றில் நாற்பது நாற்பது. திணைக்கு ஒரு பரிசு என்று அறிவித்தால், பாலை பாடிய புலவர் 200-இல் ஒருவராக வெல்ல வேண்டும். நெய்தல் பாடியவர் 40-இல் ஒருவராக வென்றால் போதும். தொகைநூலுக்கு இதனால் குறையில்லை; அங்கே போட்டி இல்லை. பரிசுக்கு இது பெருங்குறை.

இரசிகர் கதைகளில் அந்தப் பாலையின் இடத்தில் இருப்பது காதல். அதை ஒரே வகையாக விட்டால் நல்ல கதைகள் பல ஒன்றையொன்று நெருக்கி மடியும். அதனை அளவாலோ மூலநூலாலோ இரண்டு மூன்றாகப் பிரித்தல் வேண்டும். மூன்றே கதை வந்த வகையைத் தனியே நிறுத்துவதும் தகாது. பங்கெடுத்த அனைவருக்கும் பரிசு என்றாகிவிடும். அதை அண்டை வகையோடு இணைப்பதே முறை. ஆக, இத்தனை வகை என்று முன்கூட்டியே கல்லில் பொறித்துவிடாமல், கதைகள் வந்து சேர்ந்தபின் எண்ணிப் பார்த்துத் திருத்துதல் நன்று.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் உலகத்தை ஒட்டிய கதைகளுக்கென 2004-ஆம் ஆண்டில் இரசிகர்கள் ஒரு பரிசைத் தொடங்கினர். ‘மிடில் எர்த்’ பரிசு என்பது அது. அதில் நகைச்சுவை போன்ற சுவை வகைகளும் இருந்தன. அக்கதைகளில் வரும் எல்ஃபுகள், ஹாபிட்டுகள், மனிதர் என்னும் குலங்களை ஒட்டிய வகைகளும் இருந்தன. அதைவிட எனக்குப் பிடித்தது வாக்களிக்கும் முறை. வெறும் குறி இட்டால் வாக்காகவில்லை. கதையைப் படித்து மதிப்புரை எழுத வேண்டியிருந்தது. அந்த மதிப்புரையே வாக்காயிற்று. நீண்ட உரைக்கு மதிப்பெண் மிகுதியாகக் கிடைத்தது. நீட்டி எழுதும் பழக்கமுடையோர் கை இதனால் ஓங்கியிருக்கும் என்பது உண்மையே. ஆயினும் பரிசு பெறாத எழுத்தாளரும் நாலைந்து மதிப்புரைகளோடு வீடு திரும்பியிருப்பர். வெறுங்கையோடு போவதினும் அது எவ்வளவோ மேல்.

இனி, மகளின் ஐயத்துக்கு வருவோம். துயரமா, காதலா? இதை வகுப்பவர் தாமே முடிவு செய்ய முற்படுவதுதான் பிழைக்கு வித்து. எழுதியவரிடம் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இரண்டு கேட்டு வாங்குதல் நலம். முதல் விருப்பத்தில் கூட்டம் மிகுந்தால் இரண்டாவதற்கு மாற்றலாம். அதற்கும் ஒரு சொல் அறிவித்துவிட்டு. தன் கதை எதைப் பற்றியது என்று எழுதியவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மேற்சொன்ன காப்பகத்தினர் இதை நுட்பமாகச் செய்கின்றனர். அங்கே எழுதுபவர் தம் கதைக்கு எந்த அடையாளச் சொல்லையும் தம் விருப்பம்போல் இடலாம். ஒரே பாத்திரத்தை ஒருவர் முழுப்பெயரால் குறிப்பார். ஒருவர் செல்லப்பெயரால் குறிப்பார். மற்றொருவர் எழுத்துப்பிழையோடு குறிப்பார். ஊதியம் பெறாத தொண்டர்கள் அச்சொற்களைத் திருத்துவதில்லை. அவற்றை ஒரு பொதுப்பெயரோடு திரைமறைவில் இணைத்துவிடுகிறார்கள். எழுதியவர் சொல் எழுதியபடியே நிற்கிறது. தேடுபவருக்கும் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கிறது. இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல், ‘உம்’மைக் குறி இருந்தால் நட்பு என்பது அவர்கள் வழக்கு. அந்த இரு கிழவர்களின் கதையைக் காதற்கூட்டத்திலிருந்து மீட்பதற்கு அச்சிறு குறி ஒன்றே போதுமானது.

அன்னையார் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கொடுமை, முதன்மைப் பாத்திரத்தின் இறப்பு, இளையோர் படிக்கத்தகாத செய்தி முதலியவற்றைக் கதையின் தலைப்பிலேயே எச்சரிக்கையாகக் குறிக்கும் வழக்கம் இக்குழுக்களில் உண்டு. அது வகை வேறு, எச்சரிக்கை வேறு என்னும் தெளிவோடு செய்யப்பட வேண்டும். இறப்பு வருவதால் மட்டும் ஒரு கதை துயரக்கதை ஆகிவிடாது. எச்சரிக்கையும் ஒரு தண்டனையன்று.

வாக்கெடுப்பிலும் விழிப்பு வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஹ்யூகோ விருதில், சிலர் முன்னரே பேசிவைத்த பட்டியலின்படி முன்மொழிந்து பல வகைகளை நிரப்பிவிட்டனர். வெகுண்ட மற்றை வாக்காளர், ‘எதற்கும் விருதில்லை’ என்று வாக்களித்து ஐந்து வகைகளில் பரிசையே நிறுத்தினர். அணி சேர்ந்து முன்மொழிவோரின் வலிமையைக் குறைக்கும் புதிய கணக்குமுறை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அன்பர்கள் இதைப் படிக்கும்போது நம் சங்கத் தேர்தல்களை நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்லன்.

அதே ஹ்யூகோ 2019-இல் டப்ளின் நகரில் அக்காப்பகத்துக்கே வழங்கப்பட்டது. கதைக்கு உரிய வகையில் அன்று. ‘தொடர்புடைய படைப்பு’ என்னும் வகையில். கதைகளைக் காத்து ஒழுங்குபடுத்திய பணிக்குக் கிடைத்த சிறப்பு அது. அங்கே எழுதியோர் சிலர் ‘நாங்களும் ஹ்யூகோ வென்றோம்’ என்று மகிழ்ந்து சொல்லிக்கொள்ள, விருதின் பெயருக்கு உரிமையுடையோர், பரிசு காப்பகத்துக்கேயன்றித் தனி எழுத்தாளர்க்கு அன்று என்று மறுத்துரைத்தனர். கொண்டாட விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மகளுக்கு இரண்டு சொற்கள். உன் கதை போட்டியில் இருக்குமானால், அந்த வகையைப் பிரிக்கும் பணியை வேறொருவரிடம் கொடுத்துவிடு. வாக்கெடுப்புத் தொடங்கும் முன் பட்டியலை எல்லோரும் காண வெளியிட்டு, மாற்றம் வேண்டுவோர் சொல்ல ஒரு வாரமாவது தவணை கொடு. முதல் நாளே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். பரிசளித்த பிறகு வருவதைவிட அப்போது வருவது நல்லது.