ஓலை, துண்டு, பாக்கி

அடிமை முறை பற்றிப் பாடம் தொடங்கியதும் பிள்ளைகளின் கற்பனை கப்பலேறிவிடும். ஆப்பிரிக்கா, இரும்புச் சங்கிலி, அமெரிக்கப் பருத்திக் காடு, சவுக்கு. மணி அடித்ததும், 'நல்லவேளை, நம்ம ஊரில் இதெல்லாம் இல்லை' என்ற நிம்மதியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அந்த வகுப்பு குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ நடந்தால், ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பட்டறைகளில் புழங்கும் ஒரு சொல், இந்தப் பாடத்துக்கு மிக நெருக்கமானது. அதுதான் 'பாக்கி'.

வேலைக்குச் சேரும்போது தறி முதலாளி கொடுக்கும் முன்பணம்தான் பாக்கி. மகளின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன் என்று வாங்குவதற்குக் காரணங்கள் உண்டு. அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போவது சிரமம். இன்னொரு முதலாளி அந்த ஆளை எடுக்க வேண்டுமானால், பழைய பாக்கியை அவர் கட்டிவிட்டு அழைத்துக்கொள்வார். ஆள் கைமாறும்போது கடனும் கூடவே போகும்.

இது இந்தக் காலத்து ஏற்பாடு மட்டும் அல்ல. சுந்தரர் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வருகிறார். 'உன் பாட்டன் எனக்கு ஆளோலை எழுதிக் கொடுத்திருக்கிறான். அதனால் நீ என் அடிமை' என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். முதியவரோ திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, 'நீ அடிமைதான்' என்று தீர்ப்பாகிறது. வந்தவர் சிவபெருமான் என்பது பக்தி. ஆனால், பாட்டன் எழுதிய ஓலை பேரனையும் கட்டும் என்பதைச் சபையில் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லையே, அது சரித்திரம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது, கேட்டவர்களுக்கு ஆளோலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சத்தில் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்ட குடும்பங்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஓலைக்கு மதிப்பு போனது. ஆனால், அதே காலத்தில்தான் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஏழை ஜனங்கள் 'கண்டிச்சீமை'க்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலம் ஜில்லாதான். கங்காணி முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆளை எடுக்க முடியும். தறிப் பட்டறைப் பாக்கியின் கணக்கும் இதுவேதான். சொல்லாமல் கிளம்பியவர் பிடிபட்டால் ஜெயில். துண்டு முறையை இலங்கைச் சட்டம் ஒழித்தது 1921-இல்.

இங்கே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் சார் அவங்க ஓடிப் போகலை?" என்பதாகத்தான் இருக்கும். ஓடினார்கள் என்பதே பதில். பாவம் பார்ப்பதற்காக அல்ல, அவர்களுடைய துணிச்சலையும் திட்டத்தையும் தெரிந்துகொள்வதற்காக அந்தக் கதைகளைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைச் சிறுவனாக இருந்தபோது எஜமானி சில எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். கணவர் தடுத்துவிட்டார். சிறுவன் விடவில்லை. தெருவில் இருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்குப் பாடம் வாங்கினான். 1838 செப்டம்பரில், மாலுமி உடையில், ஒரு நண்பரின் அடையாளத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பால்டிமோரில் ரயில் ஏறினார் டக்ளஸ். தாளில் இருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. நடத்துநர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஒரு நாளுக்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹாரியட் டப்மன் 1849-இல் தப்பியவர். தான் தப்பியதோடு நிற்காமல், சுமார் 13 முறை திரும்பிப் போய் 70 பேர் வரை மீட்டு வந்தார்.

அடுத்து வரும் கேள்விதான் ஆசிரியருக்குச் சோதனை. "அப்போ, எங்க அப்பா வாங்கின பாக்கியும் அடிமைத்தனமா சார்?"

எல்லாப் பாக்கியும் அப்படி அல்ல. 1990-களில் குமாரபாளையத் தறிகளை ஆராய்ந்த மானுடவியலாளர் கெர்ட் டி நெவ், தொழிலாளர்களே பேரம் பேசிப் பாக்கி கேட்பதையும், அதையே காட்டி வேறு முதலாளியிடம் மாறுவதையும் எழுதியிருக்கிறார். கோடு எங்கே இருக்கிறது என்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. அதை நான்கு கேள்விகளாகக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

வாங்கிய கடனுக்காக உழைப்பவருக்கு, கூலியே இல்லையா, அல்லது பேருக்குத்தான் கூலியா? வேறு வேலைக்குப் போக முடியாதா? விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாதா? தன் பொருளையோ உழைப்பில் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்க முடியாதா?

இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அது கொத்தடிமைதான். தறிப் பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும், திருச்செங்கோட்டிலிருந்து ஊர் ஊராகப் போகும் ரிக் வண்டிக்கும் இதே அளவுகோல்தான். சங்கிலி இருக்க வேண்டியதில்லை. ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் நிறுத்தினாலே போதும், ஆள் நகர மாட்டார்.

அப்படிப்பட்ட கடன் சட்டப்படி செல்லாது. அதை வசூலிப்பதே குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. எனவே, தப்பி வந்தவர் கடனை ஏமாற்றி ஓடியவர் அல்ல. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் புகார் போனால், விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்றிதழ் தருவார்கள். உடனடி உதவித்தொகையாக 30,000 ரூபாய் வரை பெற வழி உண்டு. குழந்தைகள் சிக்கியிருந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

பாடம் நடத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பிள்ளைகளை 'அடிமை', 'எஜமான்' என்று பிரித்து நடிக்கவிடக் கூடாது. அடிமை வேஷம் யாருக்குக் கிடைக்கும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த விஷயம். அடுத்து, 'யார் வீட்டில் பாக்கி இருக்கிறது, கை தூக்குங்கள்' என்று கேட்கவே கூடாது. அந்தப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் கிடையாது. நான்கு கேள்விகளையும் 1098-ஐயும் பலகையில் அழிக்காமல் விட்டுவைத்தால் போதும். தேவைப்படும் பிள்ளை தானே நோட்டில் எழுதிக்கொள்ளும்.

ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கிய சிறுவனுக்கு, எழுத்துத்தான் பின்னாளில் வழி காட்டியது. ஓலையும் துண்டும் பாக்கிக் கணக்கும் ஆட்களைக் கட்டிப்போட முடிந்ததற்கு, அவற்றில் எழுதியிருப்பதை அவர்களால் படிக்க முடியாமல் போனதும் ஒரு காரணம். அந்தக் கணக்கை இன்று வாங்கிப் படித்து, 'அப்பா, இது செல்லாது' என்று சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும்.