கங்கை நம்மிடம் வருகிறது, நாம் கண்டிக்குப் போகிறோம்

பாடசாலைச் சுற்றுலா என்று அறிவித்தல் வந்தால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பேராதனைப் பூங்காதான். நடுச்சாமத்தில் பஸ் ஏறி, மலைப்பாதையில் பாதிப் பேர் வாந்தி எடுத்து, பூங்காவில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடி ஓடிப் பார்த்து, மறுநாள் சுபஹுக்கு வீடு வந்து சேர்கிறோம்.

பேராதனையை நான் குறை சொல்லவில்லை. 1821 இல் தொடங்கி 147 ஏக்கரில் பரந்திருக்கும் அந்தப் பூங்காவை உயிரியல் படிக்கும் பிள்ளை ஒரு முறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் மகாவலி கடைசியில் எங்கே வந்து கடலில் விழுகிறது? நமது கொட்டியாரக் குடாவில். தோப்பூரிலும் மூதூரிலும் நாம் வெறுமனே ‘கங்கை’ என்று சொல்கிறோமே, அதே ஆறுதான்.

“திருகோணமலையில் பார்க்க என்ன இருக்கு, கடல்தானே” என்பார்கள் வாப்பாமார். அவர்கள் காலத்தில் அந்தக் கடலுக்குப் போவதே பெரும் பாடு. மூதூரில் லாஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது. பழக்கம்தான் மாறவில்லை.

காலையில் பிரட்றிக் கோட்டைக்குள் போனால் புள்ளிமான்கள் ஆடுமாடு போலத் திரியும். பக்கத்திலேயே ஒல்லாந்தர் குடா. அலை அடங்கிய நீர் வேண்டுமென்றால் மாபிள் பீச். நிலாவெளிக்கு அப்பால் 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவும் அதன் முருகைக் கற்களும். இவ்வளவையும் பார்க்க வெளிநாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். நமது உம்மாமாரோ கடற்கரைக்குக் கூட்டிப் போனாலும் வானுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஏன்? உட்கார நிழல் இல்லை, வுழூச் செய்ய ஒழுங்கான தண்ணீர் இல்லை, பெண்கள் லுஹர் தொழ ஒரு மூலையும் இல்லை. “பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கடற்கரையில் என்ன வேலை” என்ற கேள்வியில் பாதி இந்த வசதியின்மையிலிருந்து வருவதுதான் என்பது என் எண்ணம். நாங்கள் நீந்தக் கேட்கவில்லை. உம்மாவோடும் ராத்தாவோடும் ஒரு பகல் நிம்மதியாக நடந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டு வரக் கேட்கிறோம்.

அதற்கு ஏற்ற இடம் கடலோரத்தில் ஒரு தாவரவியற் பூங்கா. பேராதனை, ஹக்கல, ஹெனரத்கொட, சீதாவக்க, மிரிஜ்ஜவில என்று நாட்டில் தேசிய பூங்காக்கள் இருக்கின்றன. கிழக்கில் ஒன்றும் இல்லை. வரண்ட பூமியில் என்ன வளரும் என்று கேட்பவர்களுக்கு, மிரிஜ்ஜவிலவும் ஹம்பாந்தோட்டையின் வரண்ட நிலத்தில்தான் இருக்கிறது. நம் பக்கத்துப் பாலையும் வீரையும் முதிரையும் யாருக்குக் குறைந்தவை? சவண்டலை மரத்தை, சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள், ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் சொல்லி விற்றார்கள். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குக்கூட அது போனது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய அந்த மரத்தைக் காட்டச் சொன்னால் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் கை தூக்குவோம்? கண்டலின் மூச்சுவேரைப் பற்றி வினாத்தாளில் ஐந்து வரி எழுதுகிறோம். அந்த வேர் கொட்டியாரக் குடாவின் சேற்றில் நிற்கிறது.

பூங்கா நாளைக்கே வராது என்பது எனக்குத் தெரியும். அதுவரை அடுத்த சுற்றுலாவை மட்டும் திருகோணமலைக்கு வையுங்கள். சுபஹு தொழுது புறப்பட்டால் மஃரிபுக்கு முன் எல்லோரும் வீட்டில். பஸ் கூலியும் கண்டிக்குக் கொடுப்பதில் பாதி வராது. மிச்சக் காசில் கல்லூரி வளவில் நாலு சவண்டலைக் கன்று வைக்கலாம். தண்ணீர் ஊற்றுகிற முறைப் பட்டியலில் என் பெயரை முதலில் போடுங்கள்.