எண்ணிப் பார்த்தல்

‘இச்சொல்லாட்சி அப்புலவருடையது அன்று’, ‘இத்தகைய உவமை பிற்காலத்தாரிடமே மிகுதி’, ‘இவர் நடையில் வினையெச்சங்கள் குறைவு’ என்பன போன்ற முடிவுகளை இலக்கியக் கட்டுரைகளில் அடிக்கடி படிக்கிறோம். மிகுதி, குறைவு, அரிது, எப்போதும் ஆகிய யாவும் எண்ணிக்கையைச் சுட்டும் சொற்கள். எனினும், எண்ணியவர் யார், எத்தனை அடிகளில் எண்ணினார் என்று நாம் கேட்பதில்லை. நினைவில் தங்கிய இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளே சான்றாகிவிடுகின்றன. நூலாசிரியர் யார், நூலின் காலம் எது என்னும் பெரிய வழக்குகளும் இவ்வாறே தீர்க்கப்படுகின்றன. இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் புள்ளியியலின் முதல் இரண்டு பாடங்களையேனும் கற்றாக வேண்டும் என்பது நம் கருத்து.

அவ்விரண்டும் கடினமானவை அல்ல. எந்த மதிப்பு எத்தனை முறை வந்துள்ளது என்று வகுத்துக் காட்டும் அட்டவணையே நிகழ்வெண் பரவல். ஈழத்துப் பாடநூல்கள் இதனை மீடிறன் பரம்பல் என்னும். ஒரு நிகழ்ச்சி நேர்வதற்குள்ள வாய்ப்பைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணால் அளப்பது நிகழ்தகவு. ஒருபோதும் நேராதது சுழியம். நேர்ந்தே தீர்வது ஒன்று. பள்ளியில் இவற்றை நாணயத்தையும் பகடையையும் கொண்டு கற்பிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் பகடையோடு பாடமும் மறந்துபோகிறது. மொழியைக் கொண்டு கற்பித்திருந்தால் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

நம் இலக்கணத்திலேயே இதற்கு இடமுண்டு. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மொடு தாமே மயங்கும். ‘பக்கம்’ என்பதில் ககர ஒற்றை அடுத்துக் ககரமே வரும். வேறு மெய் வராது. அதாவது, அங்கே நிகழ்தகவு ஒன்று. ரகர, ழகர ஒற்றுகளோ தம்மொடு தாம் மயங்கா; அங்கே நிகழ்தகவு சுழியம். மெய்ம்மயக்க விதிகள் வகுத்த முன்னோர் எந்த எழுத்தை அடுத்து எது வரலாம், எது வராது என்று தெளிவாகவே சொன்னார்கள். வரக்கூடியவற்றுள் எது எத்துணை அடிக்கடி வரும் என்பதை அவர்கள் அளக்கவில்லை. அது அவர்களுடைய கேள்வியும் அன்று.

அக்கேள்வியைக் கேட்டவர் உருசியக் கணிதர் ஆந்திரேய் மார்க்கோவ். 1913ஆம் ஆண்டு, புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ என்னும் செய்யுட் புதினத்தின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து எண்ணினார். அவற்றுள் உயிர் 8,638. ஏனைய 11,362 மெய். நூற்றுக்கு ஏறத்தாழ 43 உயிர். ஒவ்வோர் எழுத்தும் முன்னதைப் பொருட்படுத்தாமல் வருவதாயின், உயிரை அடுத்தும் நூற்றுக்கு 43 முறை உயிர் வரவேண்டும். அவர் கண்டதோ வேறு. உயிரை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 13 அளவே. மெய்யை அடுத்து உயிர் வருவது 66 அளவு. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் பேரெண் விதி, அதாவது மிகப் பல முறை நோக்கும்போது சராசரி நிலைகொள்ளும் என்னும் விதி, செல்லும் என்று நெக்ராசோவ் என்னும் கணிதர் வாதிட்டு வந்தார். சார்புடைய நிகழ்ச்சிகளுக்கும் அது செல்லும் என்பதை மார்க்கோவ் முன்பே கணிதத்தால் நிறுவியிருந்தார். அத்தகைய சார்புத் தொடருக்கு மெய்யான எடுத்துக்காட்டாகவே கவிதையை எடுத்துக்கொண்டார். இன்று ‘மார்க்கோவ் சங்கிலி’ என்று அறிவியலார் வழங்குவதன் முதற்பயன்களுள் ஒன்று ஒரு கவிதை நூலில் அமைந்தது என்பதை இலக்கியவாதிகள் பெருமையோடு நினைக்கலாம்.

ஆசிரியர் யார் என்னும் வழக்குக்கு வருவோம். அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவு திரட்ட 1787-88இல் ‘பப்ளியஸ்’ என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவர். அவற்றுள் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மாடிசனுடையவையா என்பது நெடுங்கால வழக்கு. 1941இல் பிரெடரிக் மாஸ்டெல்லரும் பிரெடரிக் வில்லியம்சும் சொற்றொடர்களின் நீளத்தை அளந்து பார்த்தனர். ஹாமில்டனின் சராசரி 34.55 சொற்கள், மாடிசனுடையது 34.59. சராசரி அவ்விருவரையும் பிரிக்கவில்லை.

பின்னர் மாஸ்டெல்லர் டேவிட் வாலசுடன் சேர்ந்து எண்ணியவை, வாசகர் கண் நின்று பார்க்காத சிறு சொற்கள். ‘மேல்’ என்னும் பொருளில் வரும் ‘அப்பான்’ அவற்றுள் ஒன்று. ஆராய்ந்த ஹாமில்டன் கட்டுரைகள் 48இல், இச்சொல் இல்லாத கட்டுரை ஒன்றுகூட இல்லை. மாடிசனின் 50இல் 41 கட்டுரைகளில் இச்சொல்லே இல்லை. வழக்கிலுள்ள 12இல் 11 கட்டுரைகளில் இல்லை. இது எளிய நிகழ்வெண் பரவல்தான்; எட்டாம் வகுப்பு மாணவரும் வரையக்கூடிய அட்டவணை. இத்தகைய பல சொற்களின் சான்றை நிகழ்தகவால் தொகுத்து, பன்னிரண்டும் மாடிசனுடையவையே என்பதற்கு வாய்ப்பு மிக மிக அதிகம் என்று 1964இல் வெளியிட்ட நூலில் அவர்கள் முடிவுரைத்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஓர் ஆசிரியரின் அடையாளத்தை நாம் அவருடைய ஒளிமிக்க தொடர்களில் தேடுகிறோம். அவற்றைப் பிறர் போலச்செய்யலாம். பொருள் மாறினால் அவையும் மாறும். ‘ஆயினும்’ என்பதா ‘எனினும்’ என்பதா, ‘என்று’ என்பதா ‘என’ என்பதா என்னும் தெரிவுகளோ எழுதுபவர் அறியாமலே கையில் படிந்துவிடுகின்றன.

திருமுருகாற்றுப்படையும் நெடுநல்வாடையும் நக்கீரர் பெயரில் வழங்குகின்றன. இருவரும் ஒருவரே என்போரும் வேறு என்போரும் உண்டு. எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால், அறியாமல் எண்ணினால் வழுக்கல் பல. இரண்டும் ஆசிரியப்பா, ஈற்றில் ஏகாரம் வருவது யாப்பின் இயல்பு. அதனை எண்ணினால் நாம் அளப்பது புலவரை அன்று, பாவை. தமிழில் இடைச்சொற்கள் பெரும்பாலும் முன்சொல்லோடு ஒட்டியே நிற்பதால், இடைவெளியைக் கொண்டு சொற்களைப் பிரித்து எண்ணும் கணினிக்கு உம்மை தென்படாது. பாடவேறுபாடுகள் இன்னொரு தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னது 317 அடி, பின்னது 188 அடி. இத்துணைச் சிறிய அளவில் ஒரு சொல் ஒன்றில் ஆறு முறையும் மற்றொன்றில் இரண்டு முறையும் வருவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வளவு வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்குவது, எவ்வளவைச் சான்று என்று கொள்வது என்பதைச் சொல்லித்தருவதே நிகழ்தகவு. ‘இவ்வளவு அடிகளைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது’ என்று அது சொன்னால், அதுவும் ஆராய்ச்சியின் பயனே. உரத்த குரலில் சொல்லப்படும் பொய்யான உறுதியைவிட அது மேலானது.

கவிதையை எண்ணிக்கையால் அளப்பது அதனைக் கொல்வதாகும் என்பர் சிலர். அழகை எண்ணால் அளக்க முடியாது என்பதில் நமக்கும் ஐயமில்லை. நெடுநல்வாடையின் கூதிர்க்காலக் குளிரை எந்த அட்டவணையும் உணர்த்தாது. ஆனால், ‘இது சிறந்த பாட்டு’ என்பது வேறு. ‘இது இன்னார் பாட்டு’ என்பது வேறு. முன்னது சுவை. பின்னது உண்மை பற்றிய கூற்று. அதற்குச் சான்று வேண்டும். சீரையும் தளையையும் எண்ணிப் பழகிய மரபு எண்ணிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நினைத்தலுக்கும் கணக்கிடுதலுக்கும் ‘எண்ணுதல்’ என்னும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ். ‘மிகுதி’ என்று எழுதுமுன் இரு பொருளிலும் ஒருமுறை எண்ணிவிடுவது நம் கடமை.