பாயைச் சுருட்டத் தெரியுமா?

உங்களிடம் பாய்மரப் படகு இல்லை. என்னிடமும் இல்லை. இருந்தாலும் இந்த வாரம் படகு ரிப்பேர் பற்றித்தான் பேசப்போகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

2024 அக்டோபர் 2-ம் தேதி, 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கோவாவில் இருந்து இரண்டு கடற்படை அதிகாரிகள் கிளம்பினார்கள். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னா. உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் பசிபிக்கில் 'நீமோ முனை'யையும் கடந்தார்கள். அங்கிருந்து மிக அருகில் இருக்கும் தரையே சுமார் 2,688 கிலோமீட்டர். அந்த இடத்தில் ஏதாவது மக்கர் பண்ணினால், கஸ்டமர் கேருக்கு போன் போட்டு 'ஒன்றை அழுத்தவும்' கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

கடலில் மக்கர் பண்ணக்கூடிய சாமான்களில் ஒன்று, ஃபர்லர். படகின் முனையில் இருந்து பாய்மரத்தின் உச்சிக்கு ஒரு கம்பிவடம் போகும். அதைச் சுற்றி அலுமினியக் குழல். அடியில் கயிறு சுற்றிய உருளை, மேலே சுழலும் ஒரு குமிழ். கயிற்றை இழுத்தால் முன்பாய், நம் வீட்டுக் கோரைப்பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். காற்று ஏற ஏற, பாயைக் குறைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உருளை இறுகிவிட்டால்? முழுப் பாயும் காற்றின் கையில். படகு உங்கள் கையில் இல்லை.

இதை விற்பவர்களில் சிலர் 'மெயின்டனன்ஸே தேவையில்லை சார்' என்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கிடக்கிற உலோகத்துக்கு மெயின்டனன்ஸ் தேவையில்லையாம்! வாங்குகிறவரும் தலையாட்டிவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார். நான் பி.காம். படித்தவன். தேய்மானத்துக்குக் கணக்கு எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் எது தேய்கிறது என்று கணக்குப் புத்தகம் சொல்லாது. கழற்றிப் பார்த்த கைதான் சொல்லும்.

அப்படி என்ன பிரம்ம வித்தை? நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். உருளையைக் கையால் சுற்றி, நறநறவென்று சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். சில மாடல்களில் பிளாஸ்டிக் குண்டு பேரிங். அதற்குத் தண்ணீரே போதும். கிரீஸ் தடவினால் உப்பும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். சிலவற்றுக்கு கிரீஸ் கட்டாயம். எது உங்களுடையது என்று கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டைத்தான் நாம் பிரிப்பதே இல்லையே!

அலுமினியத்தில் ஏறிய ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, உப்பு பட்டால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். வருஷம் ஒருமுறை கழற்றி, அதற்கான பசை தடவி மாட்டினால் அடுத்த வருஷமும் கழன்று வரும். பத்து வருஷம் தொடாமல் விட்டால் துரப்பணம்தான்.

மேலே இன்னொரு ஆபத்து. பாயை உயர்த்தும் கயிறு, கம்பிவடத்தை விட்டுச் சற்றே விலகி, சுமார் 8 முதல் 10 டிகிரி கோணத்தில் போக வேண்டும். ஒட்டியே போனால், சுருட்டும்போது அதுவும் வடத்தைச் சுற்றிக்கொள்ளும். கீழே நிற்பவருக்குக் கயிறு கனக்கிறது என்று மட்டும் தெரியும். உடனே வின்ச்சைப் போட்டு வம்படியாக இழுப்பார். வடம் முறுக்கிக்கொண்டு இழை பிரியும். அது அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். தன் கையால் ஒருமுறை பிரித்து மாட்டியவர் அப்படி இழுக்கமாட்டார். நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தனியாக மரத்தில் ஏறி சாகசம் செய்யாதீர்கள். ஆனால் அவர் வேலை செய்யும்போது நிழலில் உட்கார்ந்து காபி குடிக்காமல், பக்கத்தில் நின்று ஸ்பானராவது எடுத்துக்கொடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உருளையைப் பிரிக்கும் முன் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். குண்டு பேரிங் உருண்டு தண்ணீருக்குள் போனால், அதற்கும் கையேட்டில் பக்கம் கிடையாது.