முன் பிரேக்கும் நம் அச்சமும்

படப்பை வழியே ஒரகடத் தொழிற்சாலைகட்கு விரையும் மோட்டார் சைக்கிள்கள் எண்ணிறந்தன. 2013 முதல் ராயல் என்பீல்டு வண்டிகள் ஒரகடத்திலேயே செய்யப்படுகின்றன. ஆயினும், முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழும் என்றஞ்சிப் பின் பிரேக்கையே மிதிப்போர் நம்மிற் பலர். லாரி சிந்திய மணலிற் சடுதியாகப் பற்றினால் வழுக்குமென்பது மெய்யே. அது கையின் குற்றம், பிரேக்கின் குற்றமன்று. தடுக்குங்கால் பாரம் முன்னே சாய்தலின், வண்டியை நிறுத்தும் வலிமையிற் பெரும்பகுதி முன்சக்கரத்தினதே.

அச்சத்தாற் பயன்படுத்தாததைப் பேணுவார் யார்? மலிவு கருதிப் பெயரறியாப் பேட் வாங்குகின்றனர். அது தேய்ந்து அடித்தகடு உராயின், பன்மடங்கு விலையுள்ள டிஸ்க்கும் பாழாகும். வண்டி செய்தோர் விதித்த வகையையே வாங்குக. ஒரு மில்லிமீட்டரை அணுகுமுன் மாற்றுக. புதுப் பேட்டும் சில நாள் மென்மையாகப் பிடித்துப் பழக்கிய பின்னரே முழு வலிமை காட்டும்.